நவம்பர் நடுவில் காஷ்மீர் போனால் சினார் மரத்தில் இலை மிச்சம் இருக்குமா?

ஆத்தங்குடி கல்லுக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறோம். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுக்கிற வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் காயாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்களும் மெதுவாகத்தான் திரும்புவார்கள். வருஷத்தில் நாங்கள் வெளியூர் போக முடிகிற ஒரே சமயம் அதுதான்.

காஷ்மீரில் இலை நிறம் மாறுவதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நாள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் கலக்கிறவளுக்கு, ஒரு மரம் தானாக அந்த நிறத்துக்கு வருவதைப் பார்க்க ஆசை இருக்காதா?

சிக்கல் தேதியில் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் போவதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. மகளுக்குத் தலைதீபாவளி. சம்பந்தி வீட்டார் வந்துபோன பிறகுதான் நான் வாசல்படி தாண்ட முடியும். கார்த்திகை முதல் தேதி மகன் சபரிமலைக்கு மாலை போடுகிறான், அன்று நான் வீட்டில் இருந்தாக வேண்டும். அடுத்த வாரமே கார்த்திகை தீபம். அன்றிலிருந்துதான் பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணுவோம். ஆக நவம்பர் 10க்கும் 16க்கும் நடுவில்தான் போய்வர முடியும்.

போகிறது மூன்று பேர். நான், வீட்டுக்காரர் (62 வயது, இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது), என் நாத்தனார் (சுத்த சைவம், முட்டை வெந்த பாத்திரத்தில்கூடச் சாப்பிட மாட்டார்கள்).

காரைக்குடியில் ஒருவர் ஏற்பாடு செய்து தருகிறார். குல்மார்க்கில் இரண்டு இரவு, பஹல்காமில் இரண்டு இரவு, ஸ்ரீநகரில் முதல் இரவும் கடைசி இரவும், நடுவில் ஒரு பகல் சோனமார்க். "மேலே போகப் போகத்தான் கலர் நன்றாக இருக்கும்" என்கிறார். பட்டியலில் துலிப் தோட்டமும் இருக்கிறது.

இந்தத் தேதியில் மரத்தில் இலை இருக்குமா, இல்லை மொட்டைக் கிளையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானா? அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் பொடியன் எழுதியது:

அக்கா, இதுக்குப் போய் காஷ்மீரா? கொடைக்கானல் நாலு மணி நேரம். அங்கேயும் மலை, அங்கேயும் மரம், செலவும் பத்தில் ஒரு பங்கு.

கல்லல் சுபேதார் எழுதியது:

தம்பி, கொடைக்கானல் சோலைக்காடு என்றைக்கும் பச்சையாக இருக்கிற காடு. அங்கே சில மரங்களில் சிவப்புத் தெரியும், ஆனால் அது புதுத்தளிரின் சிவப்பு. உதிரப்போகிற இலையின் நிறத்தைப் பார்க்க ஆச்சி ஆசைப்படுகிறார்கள். அது வேறு.

ஆச்சி, வணக்கம். நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி காஷ்மீரில் போயிற்று. ஸ்ரீநகரில் பாதாமி பாக் என்ற இடத்தில் 15ஆவது கோர் என்கிற படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. அதற்குச் சினார் கோர் என்றுதான் பேர். சீருடையில் குத்துகிற அடையாளத்திலேயே சினார் இலை இருக்கும். அந்த மரங்களுக்கு அடியில் பல வருஷம் டீ குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் தேதி பரவாயில்லை. ஏற்பாடுதான் தலைகீழாக இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம், அப்படியே திருப்பிப் போடுங்கள். மலை மேல் நான்கு இரவு, கீழே இரண்டு இரவு என்று இருக்கிறது. ஆறு இரவையும் ஸ்ரீநகரிலேயே வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். அந்த நிறம் மலை உச்சியில் ஆரம்பித்து நாளாக நாளாகக் கீழே இறங்கி வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறைகிறது. அதனால் மேலே முதலில் குளிர்ந்து, முதலில் நிறம் மாறி, முதலில் உதிர்ந்துவிடும். பஹல்காம் 2,100 மீட்டருக்கு மேல். லித்தர் ஆற்றங்கரையில் பாப்ளரும் வில்லோவும் அக்டோபரில் மஞ்சளாக நிற்கும், கண் கூசும். நீங்கள் போகிற நவம்பர் நடுவில் அதெல்லாம் விளக்குமாற்றுக் குச்சி. குல்மார்க் 2,650 மீட்டர். அங்கே இருப்பது பெரும்பாலும் ஊசியிலை மரங்கள், அவை நிறமே மாறாது. புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், விளையாடுகிற அளவுக்குப் பனியும் பெரும்பாலும் விழுந்திருக்காது. இரண்டும் கெட்டான் மாதம். சோனமார்க்கும் அப்படித்தான். 2025 ஜனவரியில் ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்ததில் இருந்து பனிக்காலத்திலும் சோனமார்க் போக முடிகிறது என்பதால் எல்லாரும் அதைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இலை பார்க்கப் போகிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சினார் கீழே இருக்கிற மரம். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பள்ளத்தாக்கில் மற்ற மரங்கள் எல்லாம் முடித்துக்கொண்ட பிறகு கடைசியாக மாறுவது சினார்தான். அக்டோபர் கடைசியில் பச்சைக்குள் மஞ்சள் எட்டிப் பார்க்கும். நவம்பர் முதல் இரண்டு வாரம் பொன் நிறம், அப்புறம் துருச் சிவப்பு. மூன்றாவது வாரத்தில் பாதி மரத்தில், பாதி தரையில். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் கட்டம்தான் அழகு, ஏனென்றால் நிறம் தலைக்கு மேலேயும் இருக்கும், காலுக்குக் கீழேயும் இருக்கும். நீங்கள் தாமதமாகப் போவதாக நினைக்கிறீர்கள். சினாருக்கு அது தாமதம் இல்லை.

சாயம் கலக்கிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் அந்த இலைக்குள் முதலில் இருந்தே உண்டு, பச்சையம் மூடி வைத்திருக்கும். பகல் குறைந்து குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைக் கலைக்கிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று இருந்தால் இலையில் தங்கிய சர்க்கரையை வைத்து மரம் அதைப் புதிதாக உண்டாக்குகிறது. அதனால் மேகமூட்டமான வருஷத்தில் சிவப்பு மங்கல், வெயிலடித்த வருஷத்தில் பிரமாதம். நம் தெருவில் வாதாங்கொட்டை மரம் உதிர்க்கிறதுக்கு முன்னால் ரத்தச் சிவப்பாக ஆகிறதே, அதுவும் இதே சரக்குதான். அந்த ஒரு மரத்தை நூறு அடி உயரத்துக்கு வளர்த்து, ஊர் முழுக்க நட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது? நிஷாத் பாக், ஷாலிமார் பாக் இரண்டும் கட்டாயம். ஷாலிமார் ஜஹாங்கீர் 1619இல் போட்டது. நிஷாத் நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கான் 1633இல் போட்டது, தால் ஏரியில் இருந்து மலை வரைக்கும் பன்னிரண்டு அடுக்கு. வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டும் ஏற வேண்டிய அவசியம் இல்லை, மூன்றாவது நான்காவது அடுக்கில் உட்கார்ந்தாலே போதும். ஆனால் எனக்குப் பிடித்தது நசீம் பாக். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஹஸ்ரத்பால் பக்கம் இருக்கிறது. பூப்பாத்தி, நீரூற்று ஒன்றும் கிடையாது, சமதளத்தில் நூற்றுக்கணக்கான பழைய சினார்கள் மட்டும். பல்கலைக்கழக வாசலில் அடையாள அட்டை கேட்டால் காட்டுங்கள்.

நாத்தனாருக்காக ஒரு இடம்: துல்முல்லாவில் கீர் பவானி அம்மன் கோயில். ஸ்ரீநகரில் இருந்து 25 கிலோமீட்டர் வாக்கில், கந்தர்பல் பக்கம். ஊற்றுக்கு நடுவில் சின்னச் சன்னதி, சுற்றிலும் பெரிய பெரிய சினார் மரங்கள். அம்மனுக்குப் பாயசம்தான் நைவேத்தியம். ஊற்றுத் தண்ணீரின் நிறம் மாறுவதை வைத்துச் சகுனம் பார்ப்பார்கள். புலால் சாப்பிட்டுவிட்டு அந்தக் கோயிலுக்குள் போகிற வழக்கம் அங்கே இல்லை, அதனால் அன்றைக்கு நாத்தனார் ரொம்ப நிம்மதியாக இருப்பார்கள்.

ஒரு நாள் தெற்கே இறங்குங்கள். போகிற வழியில் பாம்போர், குங்குமப்பூ வயல். அக்டோபர் கடைசியில் இருந்து நவம்பர் இரண்டாவது வாரம் வரைக்கும்தான் பூக்கும், உங்கள் தேதிக்குக் கடைசிப் பூ கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் இந்தப் பயணத்தை முதல் நாளிலேயே வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அப்புறம் அவந்திபுரத்தில் அவந்திவர்மன் கட்டிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயிலின் இடிபாடு. நெடுஞ்சாலையில் சங்கம் பக்கம் கிரிக்கெட் மட்டைக்கு வில்லோக் கட்டையை அடுக்கடுக்காகக் காயப்போட்டிருப்பார்கள், காயப்போடுகிற தொழில்காரர் நீங்கள், இறங்கிப் பாருங்கள். பிஜ்பெஹாராவில் பெரிய சினார்கள் உண்டு. இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் யாராவது கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள், பிறகு கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். புறப்படுகிற வாரத்தில் ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறையிடம் எது திறந்திருக்கிறது என்று நேராகக் கேளுங்கள், ஏற்பாட்டுக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். வழியில் சோதனை இருக்கும், சீருடையில் நிற்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டி வேண்டாம். இதற்கு மேல் பயமுறுத்த நான் தயாராக இல்லை, அலட்சியமாக இருக்கச் சொல்லவும் தயாராக இல்லை.

குளிர்: பகலில் வெயில் இருந்தால் 15 டிகிரி வாக்கில், விடியற்காலை பூஜ்யத்துக்குப் பக்கம். நவம்பரில் திடீர்ப் பனியும் உண்டு. 2019இல் நவம்பர் 7ஆம் தேதியே கொட்டித் தீர்த்தது, ஆப்பிள் மரங்கள் கிளை கிளையாக முறிந்தன, மின்சாரம் போயிற்று. அப்படி ஒன்று வந்தால் இலையும் அதோடு போய்விடும், அதற்கு யாரும் பொறுப்பு இல்லை.

கோட்டையூர் பேத்தி எழுதியது:

சுபேதார் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன நவம்பரில் அம்மாவையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பட்டியலிலும் அந்தத் துலிப் தோட்டம் இருந்தது! துலிப் பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல். நவம்பரில் அங்கே வெறும் மண். பட்டியலில் அதைப் பார்த்தால் அந்த ஆள் எல்லாருக்கும் ஒரே தாளைத்தான் நகல் எடுத்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

ஆத்தங்குடி அம்மா, பெண்கள் விஷயமாகச் சில. படகு வீடு போட்டோவில் மட்டும்தான் கதகதப்பு. நவம்பரில் தண்ணீருக்கு மேல் படுப்பது எலும்பைக் குடையும். புகாரி என்கிற விறகு அடுப்பு முன்னறையில் இருக்கும், படுக்கையறை வரைக்கும் சூடு வராது. அப்பத்தா ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். ஆசைக்கு ஷிகாரா என்கிற சின்னப் படகில் ஒரு மணி நேரம் போய்வாருங்கள், தூங்குவதற்கு ஓட்டல் பாருங்கள். அறை முழுக்கச் சூடாக்கும் வசதி இருக்கிறதா, எத்தனை மணி வரைக்கும் ஓடும், மெத்தையில் மின்கம்பளம் உண்டா, வெந்நீர் காலையில் எப்போது வரும் என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் இருக்கு மேடம்" என்பது பதில் இல்லை.

செல்போன் முக்கியம். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. மூன்று பேரில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு நினைத்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. காஷ்மீர்க்காரர்கள் நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்கள். தால் கேட் பக்கம் சைவ தாபாக்கள் உண்டு, 'வைஷ்ணோ' என்று பலகை இருக்கும். தாமரைத்தண்டை நத்ரு என்பார்கள், தயிரில் போட்டுச் செய்வது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஹாக் என்று ஒரு கீரை. ஆனால் உங்கள் நாத்தனார் சொல்கிற அளவுக்குப் பாத்திரம் பார்த்தால், படகு வீட்டிலும் சாதாரண ஓட்டலிலும் ஒரே சமையலறைதான். சைவம் மட்டுமே சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் பிரச்சினை முடிந்தது. பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், தீபாவளிக்குச் சுட்ட தேன்குழலும் மணகோலமும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று வறட்சி, ஒரு வாரம் ஆனாலும் நமத்துப் போகாது. தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், தலைக்கும் உதட்டுக்கும் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் என்றீர்கள். எதற்கும் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குல்மார்க் போய்த்தான் ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால் கோண்டோலா என்கிற கம்பிவட வண்டியில் முதல் கட்டத்தோடு திரும்பிவிடலாம். இரண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர், காற்று மெல்லிசு.

தேவகோட்டை போட்டோக்காரன் எழுதியது:

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிறவன். காஷ்மீருக்கு ஒரு ஜோடியை வைத்துப் படமெடுக்கப் போனபோது கண்டதைச் சொல்கிறேன். சுபேதார் ஐயா எங்கே என்று சொல்லிவிட்டார், எப்போது என்பதும் அதே அளவு முக்கியம்.

நிஷாத்துக்குக் காலையில் போகாதீர்கள். தோட்டத்துக்குக் கிழக்கே ஜபர்வான் மலை சுவர் மாதிரி நிற்கிறது, வெயில் அதைத் தாண்டி வர நேரமாகும். அதுவரைக்கும் எல்லாம் நிழலும் பனிமூட்டமும்தான், சிவப்பு சாம்பலாகத் தெரியும். மதியம் மூன்று மணிக்குப் போங்கள். ஏரிப் பக்கம் இருந்து சாய்வாக வெயில் விழும், மரம் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், தோட்டத்தில் இருந்தும் கிளப்பிவிடுவார்கள். நசீம் பாக் ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது, அதனால் அதற்குக் காலை ஒன்பதரை, பத்து மணி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள்தான் நிறையப் பேர்.

இலைக்குப் பின்னால் வெயில் இருக்கிற மாதிரி நின்று பாருங்கள். முன்பக்க வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிகிற அதே இலை உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். செல்போன் கேமரா தானாகவே நிறத்தைச் சமப்படுத்துகிறேன் என்று சிவப்பைக் குறைத்துவிடும். அமைப்பில் போய் வெயில் வெளிச்சத்துக்கு மாற்றி வையுங்கள்.

தோட்டக்காரர்கள் இலையைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள். குளிர்காலத்தில் ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்கிற காங்கிரிச் சட்டிக்கு அந்தக் கரிதான். மாலை வெயில் அந்தப் புகையில் விழுந்தால் கோடு கோடாகத் தெரியும். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம், ஜோடி அதில் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் வாங்கவில்லை.

ஆத்தங்குடி கல்லுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுபேதார் அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். மலை ஏற வேண்டாம் என்றதும் அவருக்கே முகம் தெளிந்தது, இத்தனை நாள் சொல்லாமல் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

ஏற்பாட்டுக்காரரிடம் பேசினேன். ஆறு இரவும் ஸ்ரீநகர் என்றதும் "அது என்னங்க டூர்?" என்றார். துலிப்பைப் பற்றிக் கேட்டேன், "செடி இருக்கும், பூ இருக்காது" என்றார். செடியும் இருக்காது என்று எனக்கு இப்போது தெரியும். அவரை விட்டுவிட்டு மருமகனை வைத்து நாங்களே பதிவு செய்யப் போகிறோம்.

இப்படி வைத்திருக்கிறேன். 10ஆம் தேதி மாலை ஸ்ரீநகர். 11 பாம்போர், அவந்திபுரம், பிஜ்பெஹாரா. 12 காலை நசீம் பாக், மாலை நிஷாத். 13 துல்முல்லா. 14 ஷாலிமார், மாலையில் ஷிகாரா. 15 சும்மா, வானம் மூடிக்கொண்டால் விட்டதைப் பார்க்க. 16 கிளம்பி ராத்திரிக்குள் வீடு.

இரண்டு சந்தேகம். நாத்தனார் ரயிலில்தான் வருவேன் என்கிறார்கள், புதுப் பாலத்தைப் பார்க்க வேண்டுமாம். அப்புறம், விமானத்தில் போனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பனிமலை தெரியும்?

கல்லல் சுபேதார் எழுதியது:

ஆச்சி, திட்டம் கச்சிதம். அந்த 15ஆம் தேதியை யார் என்ன சொன்னாலும் நிரப்பாதீர்கள்.

ரயில்: சென்னையில் இருந்து ஜம்மு பக்கம் இருக்கிற கட்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் உண்டு, எல்லா நாளும் ஓடாது, போய்ச்சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். போகவர இரண்டுக்கும் ரயில் என்றால் உங்கள் ஏழு நாளில் இலைக்கு ஒன்றும் மிஞ்சாது. நாத்தனார் ஆசையைத் தட்ட வேண்டாம், வேறு வழி இருக்கிறது. 2025 ஜூன் 6இல் கட்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் விட்டார்கள், மூன்று மணி நேரம்தான். திரும்பும்போது 15 அன்று அதில் கட்ரா இறங்கி, ராத்திரி ஜம்முவில் தங்கி, 16 காலை அங்கிருந்து டெல்லி வழியாக விமானம் பிடிக்கலாம். நாத்தனார் கேட்கிற செனாப் பாலம் அந்த வழியில்தான், ஆற்றுக்கு மேலே 359 மீட்டர், பகல் வண்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஆனால் இப்படிச் செய்தால் அந்தச் சும்மா நாள் போய்விடும். பாலமா, உபரி நாளா என்று நாத்தனாரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள், நடுவில் நான் வரவில்லை. உபரி நாளையும் விடாமல் ரயிலிலும் ஏற வேண்டும் என்றால் 11ஆம் தேதி பிஜ்பெஹாராவில் இருந்து ஸ்ரீநகருக்கு உள்ளூர் ரயிலில் திரும்புங்கள். செலவு கொஞ்சம்தான், அவந்திபுரம், பாம்போர் எல்லாம் ஜன்னலிலேயே வரும். செனாப் பாலம் வராது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டெல்லியில் இருந்து ஸ்ரீநகர் போகிறபோது வலது பக்கம். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பும்போது ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கட்டடத்துக்கு வெகு முன்னாலேயே ஒரு வாசலில் எல்லாரையும் இறக்கிப் பெட்டிகளைச் சோதிப்பார்கள், உள்ளே போன பிறகும் சோதனை உண்டு. மூன்று பேரும் அசல் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். வீட்டுக்காரரின் மாத்திரைச் சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.